காயவைத்த விளக்கெண்ணெய்

ஜூன் 12, வியாழன்

என் பேரைக் காணோம்.

ஜர்னல்ல எங்க ஆராய்ச்சிப் பேப்பர் வெளியாயிருக்கு. முதல் பேர் தமயந்தி. கடைசிப் பேர் குலசேகரன். நடுவுல கணக்குப் போட்டுக் குடுத்தவன் ஒருத்தன், படம் எடுத்துக் குடுத்தவன் ஒருத்தன். மேல இருந்து கீழ, கீழ இருந்து மேலன்னு தேடிட்டேன். கடைசியில நன்றி சொல்லுத இடத்துல மைக்ராஸ்கோப் வித்த கம்பெனிக்கு நன்றி இருக்கு. ரெண்டு வருஷம் அந்த ரெண்டு எண்ணெயையும் கட்டிக்கிட்டு அழுத எனக்கு ஒரு எழவும் இல்லை.

நேரா குலசேகரன் ரூமுக்குப் போனேன். எங்க துறைத் தலைவர்தான். பேசும்போது நாள் பூரா சார் சார்னு சொல்லுத வாய்க்கு டைரியிலயாவது விடுதலை வேணும், இங்க அவன் இவன்தான்.

"வாங்க இசக்கியம்மா, உடம்பு எப்படி இருக்கு? தையல் எல்லாம் ஆறிடுச்சா?" அப்படீன்னான். நல்லாருக்கு சார், பேப்பர்ல என் பேர் இல்லையே சார்னேன்.

"நீங்க ஆபரேஷன் லீவுல இருந்தீங்க. ஜர்னல்காரன் எல்லாரும் கையெழுத்துப் போடணும்ங்கறான். கர்ப்பப்பையை எடுத்துட்டுப் படுத்திருக்கிறவங்களைப் போய்த் தொந்தரவு பண்றதான்னு நான்தான் வேண்டாம்னுட்டேன். மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்கில்லையா? அடுத்ததுல பாத்துக்கலாம். நமக்குள்ள என்ன?"

வெண்டைக்காயை விளக்கெண்ணெயில போட்டுப் பிசைஞ்ச மாதிரி ஒரு பேச்சு. எங்க பிடிக்க?

சரி சார்னுட்டு வந்துட்டேன். அவன் நிம்மதியா மூச்சு விட்டதைப் பாத்தேன். நாங்குநேரிப் பக்கத்துல, பழி வாங்காம விடாத இசக்கி பேரை வச்சவ சத்தம் போட்டாப் பயப்பட வேண்டாம். சத்தம் போடாமப் போனாத்தான் பயப்படணும். சவத்துப் பயலுக்கு அது தெரியலை.

ஜூன் 14, சனி

வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். பாங்க்ல வேலை பாக்குத மனுஷன், எண்ணெயும் எண்ணெயும்னா தானாச் சேராதாட்டின்னு கேக்குதார்.

"நீங்களும் உங்க தம்பியும் ஒரே வயித்துலதானே பொறந்தீங்க? சேர்ந்தீங்களா?"

சிரிச்சுட்டார். பொறவு பொறுமையா விளக்கினேன். விளக்கெண்ணெயும் சிலிக்கான் எண்ணெயும் பாக்க ஒண்ணு போல இருக்கும், சேராது. கலக்கி வச்சா விளக்கெண்ணெய் அடியில போய் உக்காந்துக்கிடும். எண்ணெயும் தண்ணியும்னா நடுவுல சோப்பு நிக்கும். ரெண்டு எண்ணெய்க்கு நடுவுல சோப்பு நிக்காது. அதனால விளக்கெண்ணெய்ப் பக்கம் கண்ணுக்கே தெரியாத நானோ துகளைப் போடணும். சிலிக்கான் பக்கம் ஒரு நுனியில கொக்கி வச்ச நீளச் சங்கிலியைப் போடணும். துகளும் சங்கிலியும் எல்லையில சந்திச்சுக் கோத்துக்கிடும். துளியைச் சுத்தி, காய்ச்சின பால் மேல ஆடை கட்டுத மாதிரி ஒரு தோல் கட்டும். அப்புறம் துளிகள் ஒண்ணோட ஒண்ணு சேரவே சேராது, வருஷக் கணக்கா அப்படியே நிக்கும்.

"அதனால என்ன பிரயோசனம்?"

"தண்ணி ஊத்தாமலே களிம்பு பண்ணலாம். தீக்காயத்துக்குப் போடலாம். தண்ணி இல்லைன்னா பூஞ்சை பிடிக்காது."

"இத்தனையும் நீ பண்ணினதாட்டி?"

"பின்ன? அவனா பண்ணினான்? ஊரான் வீட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையேன்னு அவன் பரிமாறுதான்."

மாவு புளிச்சுப் போச்சு. தோசையா ஊத்திட்டேன்.

ஜூன் 30, திங்கள்

இன்னைக்கு மீட்டிங். பெங்களூர்ல இருந்து ஒரு மருந்துக் கம்பெனிக்காரங்க நவம்பர்ல வாராங்களாம், நம்ம களிம்பை நேர்ல பாக்க. நம்ம களிம்பாம்! அதுக்காகப் புது லேப் கட்டுதான். ஈரம் உறிஞ்சுத மெஷின், காஞ்ச காத்து ஓடுத கண்ணாடிப் பெட்டி, எல்லாம் வருது. "மெட்ராஸ் காத்துல இருக்கிற ஈரம் ஒரு பொட்டுகூட உள்ள வராது"ன்னு நெஞ்சைத் தட்டிக்கிட்டான்.

சிரிப்பு தாங்காம பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டுச் சிரிச்சேன். தையல் போட்ட இடம் வலிச்சது. பரவாயில்லை.

ஜூலை 8, செவ்வாய்

தமயந்தி வந்தா. அரூர்க்காரி. இது அவளுக்குக் கடைசி வருஷம், டிசம்பருக்குள்ள ஆய்வேட்டைக் குடுக்கலைன்னா பதிவு ரத்தாயிடும். அந்த ஆய்வேடே இந்த ரெண்டு எண்ணெய்தான். பிப்பெட்டை எப்படிப் பிடிக்கிறதுங்கறதுல இருந்து நான்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்.

"மேடம், நிக்க மாட்டேங்குது. அன்னிக்கு நின்னது இப்போ நிக்க மாட்டேங்குது. அதே துகள், அதே சங்கிலி, அதே அளவு. ரெண்டே நாள்ல பிரிஞ்சு போயிடுது."

"பேப்பர்ல நின்னுச்சே?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டா. குனியட்டும். என் பேரைத் தூக்கினப்போ முதல் பேர் யாரோடது? இவளோடதுதானே. கூட்டுக் களவாணி.

இட்லி ரெண்டு கூடுதலாப் போச்சு, அவகிட்டக் குடுத்துட்டேன். வீணாக்க வேண்டாமேன்னு.

ஜூலை 9, புதன்

ஏன் நிக்கலைங்கறது இந்த உலகத்துல எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். இதை எங்கயாவது எழுதி வைக்கலைன்னா எனக்கு வெடிச்சிடும்.

போன வருஷம் ஆயுத பூஜை. பழைய லேப்ல மெஷின் எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சாச்சு, குத்துவிளக்கை எடுத்து வச்சாச்சு, பாத்தா எண்ணெய் வாங்க மறந்தாச்சு. கடைக்குப் போக எவனும் இல்லை. பீரோவைத் திறந்து, ஆராய்ச்சிக்குன்னு வாங்கி வச்சிருந்த சுத்தமான விளக்கெண்ணெய்ப் புட்டியோட சீலை உடைச்சு விளக்குல ஊத்திட்டேன். பூஜை நல்லா நடந்துச்சு. மெஷினுக்கு ஓய்வுன்னு ஏசியையும் அணைச்சுட்டு லீவுக்குப் போயிட்டோம். புட்டியை மூட மறந்துட்டேன். வெளிய அடை மழை.

திரும்பி வந்து அந்தப் புட்டியில இருந்தே எடுத்துக் கலக்கினேன். அதுவரைக்கும் ஒரு வாரம்கூட நிக்காத சனியன், கல்லு மாதிரி நின்னுச்சு! எல்லாரும் கை தட்டினாங்க. லேப் எண்ணெயை எடுத்து விளக்குக்கு ஊத்தினேன்னு எவன்கிட்டப் போய்ச் சொல்ல? வாயை மூடிக்கிட்டேன்.

ஏப்ரல்ல ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு முகட்டைப் பாத்துக்கிட்டு இருந்தப்போதான் பொறி தட்டுச்சு. ஈரம். காஞ்ச எண்ணெயில துகள் அதும்பாட்டுக்குக் கிடக்கும், சங்கிலியோட கொக்கியை ஏறெடுத்தும் பாக்காது. துளி ஈரம் இருந்தாத்தான் ஒண்ணை ஒண்ணு இழுக்கும். ஊருக்கெல்லாம் தண்ணியே இல்லாத களிம்புன்னு சொல்லுதோம், அதுக்கு உயிரே ஒரு சொட்டுத் தண்ணியிலதான் இருக்கு. வேலைக்குத் திரும்பினதும் என் பழைய லேப்ல சத்தம் காட்டாம செஞ்சு பாத்தேன். நிக்குது. மூணு தடவையும் நின்னுச்சு.

அவன்கிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள பேப்பர் வந்துடுச்சு.

நான் விளக்குக்கு உடைச்ச புட்டி தீருத வரைக்கும் தமயந்திக்கு நின்னிருக்கு. தீர்ந்ததும் இவங்க அதிர்ஷ்டமும் தீர்ந்துச்சு. இப்போ புது லேப் கட்டி, இருக்குத ஈரத்தையும் துடைச்சு எடுக்கப் போறான். தன் காசைப் போட்டுத் தனக்கே குழி வெட்டுதவனை நான் இப்பத்தான் பாக்கேன்.

ஜூலை 22, செவ்வாய்

தமயந்தி மறுபடி வந்தா. வந்ததும் கேட்டா: "மேடம், ஒருவேளை எண்ணெயில இருக்கிற ஈரம்தான் காரணமா இருக்குமோ?"

புத்திசாலிதான். சரியான கதவுக்கு முன்னால வந்து நிக்கா. தள்ளினாத் திறந்துடும்.

"இருக்கும். நல்லாக் காயவை"ன்னேன்.

தேங்க்ஸ் மேடம்னுட்டு ஓடினா.

ஜூலை 23, புதன்

கேஸ் சிலிண்டர் வந்துச்சு. கத்திரிக்காய் சொத்தை.

ஆகஸ்ட் 14, வியாழன்

புது லேப் திறப்பு விழா. ரிப்பன் வெட்டினான். செருப்பைக் கழட்டிட்டு, தலைக்குத் தொப்பி போட்டுக்கிட்டு உள்ள போகணும். காத்து அப்படியே பாலைவனம். எனக்கு உதடு வெடிச்சுப் போச்சு.

தமயந்தி எண்ணெயைச் சூடு பண்ணி, காத்தை உறிஞ்சி எடுத்து, ஈரம் குடிக்கிற மணிகளைப் போட்டு ஊற வச்சு, என்னென்னமோ பண்ணுதா. முன்னால ரெண்டு நாள் நின்னது இப்போ ஒரு நாள்கூட நிக்கலையாம். "இன்னும் சரியாக் காயலை போல"ன்னு சார் சொன்னாராம். நல்ல குரு, நல்ல சிஷ்யை.

மெலிஞ்சுட்டா. சாம்பார் சாதம் மிஞ்சிடுச்சு, குடுத்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சாப்பிட்டுக்கிட்டே இருந்தவ திடீர்னு அழுதா.

"மேடம், ஒண்ணு சொல்லணும். நான் அனுப்பினதுல உங்க பேர்தான் முதல்ல இருந்துச்சு. சார் எடுத்துட்டு எம்பேரை மேல ஏத்திட்டார். கேட்டதுக்கு, 'உன் ஆய்வேட்டுல கையெழுத்துப் போடப்போறது நானா அந்தம்மாவா?'ன்னார். பயந்துட்டேன் மேடம். உங்ககிட்ட வந்து சொல்லவும் மூஞ்சி இல்லை."

நம்பினேனா? நம்பினேன். இவளுக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துடும்.

அதுக்காக? பயந்தவளுக்குப் பரிசா குடுப்பாங்க? வாயை மூடிக்கிட்டு இருந்ததும் களவுதான். அவன் விழட்டும், அவன் விழுந்த மறுநாள் இவளுக்கு எல்லாத்தையும் சொல்லித் தாரேன். அதுவரைக்கும் பொறுக்கட்டும். நான் பொறுக்கலை?

கண்ணைத் துடைச்சுக்கோ, பூண்டு ஊறுகா இன்னும் கொஞ்சம் போட்டுக்கோன்னேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

தையல் போட்ட இடத்துல இன்னும் சுரீர்னு இழுக்குது. டாக்டரம்மா நடக்கச் சொல்லுதா. நடந்தேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. புது லேப்ல விளக்கு ஏத்தக் கூடாதுன்னு சர்க்குலர் போட்டிருந்தான், புகை சென்சார் கத்துமாம். மெஷின் மேல சந்தனம்கூட வைக்கலை. பேட்டரி விளக்கை வச்சுப் பூஜை பண்ணினாங்க. சாமி சிரிச்சிருக்கும்.

தமயந்தி என் பக்கத்துல வந்து மெதுவாச் சொல்லுதா: "மேடம், போன வருஷம் நீங்க பழைய லேப்ல விளக்கு ஏத்தினீங்க இல்ல? அதுக்கப்புறம்தான் நிக்க ஆரம்பிச்சது. எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் இந்த வருஷமும் நீங்க ஒரு விளக்கு ஏத்துங்களேன்."

எந்த எண்ணெய் ஊத்தினீங்கன்னு மட்டும் அவ கேட்டிருந்தா என் மூஞ்சியிலயே பதிலைப் படிச்சிருப்பா.

"சார்தான் கூடாதுன்னுட்டாரே"ன்னேன்.

"ஆமால்ல"ன்னுட்டுப் பொரி தின்னா.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அவ ஊருக்குப் போகலை. லேப்ல இருந்து போன் பண்ணி, ஹேப்பி தீபாவளி மேடம்னா. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போன்னேன். எண்ணெய் அடுப்புல இருக்கு மேடம், விட்டுட்டு வர முடியாதுன்னா.

இவர் என் மூஞ்சியவே பாத்தார். "அந்தப் பிள்ளை என்னட்டி பண்ணிச்சு உனக்கு?"

முறுக்கு பிழிஞ்சுக்கிட்டு இருந்தேன். அடுத்த முறுக்கை எண்ணெயில போட்டேன். அன்னைக்கு ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்போ என் கட்டில் பக்கம் நின்ன ரெண்டு பேர்ல ஒருத்தி அவ. அது இவருக்கும் தெரியும், சொல்லலை. சொல்லாம இருந்தா நான் மறந்துடுவேனா?

நவம்பர் 6, வியாழன்

பெங்களூர்க் கம்பெனிக்காரங்க வந்தாங்க. மூணு பேர். கோட்டுப் போட்டுக்கிட்டுத் தொப்பி மாட்டினதுல ஒருத்தர் சமையக்காரர் மாதிரி இருந்தார். குலசேகரன் அரை மணி நேரம் திரையில படம் காட்டிட்டு, இந்தத் தடவை முழுசாக் காயவச்சாச்சு, நின்னிருக்கும்ங்கற தைரியத்துல அலமாரியைத் திறந்தான். போன வாரம் கலக்கி வச்ச பன்னிரண்டு புட்டியும் வரிசையா இருந்துச்சு. பன்னிரண்டுலயும் மேல ஒரு எண்ணெய், கீழ ஒரு எண்ணெய். நடுவுல கோடு கிழிச்சாப்புல.

ஆஹா! அந்தக் கோட்டைப் பாக்கத்தானே இத்தனை மாசம் காத்துக் கிடந்தேன். அந்தச் சமையக்காரர் ஒரு புட்டியைத் தூக்கி வெளிச்சத்துல பாத்துட்டு, "இதைத்தான் களிம்புங்கறீங்களா?"ன்னார். எனக்கு அப்படியே உள்ளுக்குள்ள மேளம் கொட்டுச்சு. அவன் கழுத்துல இருந்து காது வரைக்கும் கருத்துச்சு. களிம்பைத் தடவிக் காட்ட வச்சிருந்த துண்டை மடிச்சுப் பையில வச்சான், எடுத்தான், வச்சான்.

அப்புறம் மெதுவா, தேன் ஒழுகச் சொன்னான்: "மன்னிக்கணும். மாணவர்கள் காட்டுற முடிவை நாங்க நம்பித்தான் ஆகணும். சில நேரம் இப்படி ஏமாந்துடறோம்."

தமயந்தி அவனை நிமிர்ந்து பாத்தா.

இது நான் எதிர்பார்க்கலை. எதிர்பார்த்திருக்கணும்.

நவம்பர் 10, திங்கள்

விசாரணைக் கமிட்டி போட்டுட்டாங்க. டைரக்டர், வெளியூர்ப் பேராசிரியர்கள் ரெண்டு பேர். இல்லாத முடிவை இருக்குன்னு எழுதினதாகக் குற்றச்சாட்டு. தமயந்தி மேல மட்டும். நிரூபணமானா ஆய்வேடும் கிடையாது, இனிமே எங்கயும் சேர்க்க மாட்டாங்க.

என் ரூமுக்கு வந்தா. "என்னைத் திருடிங்கறாங்க மேடம். நின்னுச்சுல்ல மேடம்? நீங்களும் பாத்தீங்கல்ல? எனக்கே இப்போ சந்தேகமா இருக்கு."

"நின்னுச்சு"ன்னேன். "நான் பாத்தேன்."

"அப்போ ஏன் இப்போ நிக்கலை?"

நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. சொல்லிருந்தா சாயங்காலமே அவ கலக்கிக் காட்டிருப்பா. அவன் உடனே வந்து, "நான்தான் அப்பவே சொன்னேனே"ன்னு நடுவுல நின்னு போட்டோ எடுத்துக்கிடுவான். பேப்பர்ல அவன் பேர் அப்படியே இருக்கும். என் பேர் அப்பவும் இருக்காது.

இன்னைக்குக் காலையில டைரக்டரோட செகரட்டரி எங்கிட்டச் சொன்னதையும் எழுதிடுதேன். இந்தச் சோதனைகள்ல தனக்குப் பங்கே கிடையாதுன்னு குலசேகரன் எழுதிக் குடுக்கப் போறானாம். வக்கீல்கிட்டக் கேட்டுக்கிட்டு இருக்கானாம்.

எழுதட்டும். அவனே அவன் கையால எழுதட்டும். அதுவரைக்கும்தான்.

தெரியலை தமயந்தின்னேன்.

நவம்பர் 14, வெள்ளி

இன்னும் எழுதலை. தொடைநடுங்கி.

தமயந்தி டிபன் டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் குடுத்தா. அவளுக்குப் பிடிச்ச உருளைக்கிழங்கு. ராத்திரிக்கு நாங்களே தின்னோம்.

நவம்பர் 18, செவ்வாய்

எழுதிட்டான்! "மேற்படி ஆய்வின் திட்டம், சோதனை, முடிவுகள் எதிலும் எனக்கு எவ்விதப் பங்கும் இல்லை. துறைத் தலைவர் என்ற முறையில் மட்டுமே என் பெயர் சேர்க்கப்பட்டது." கையெழுத்து, தேதி, முத்திரை. டைரக்டர் சத்தமா வாசிச்சாராம்.

யானைக்கு ஒரு காலம்னா பூனைக்கு ஒரு காலம். நாளைக்கு மறுநாள் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க.

நவம்பர் 20, வியாழன்

"சாட்சி சொல்றதை விட செஞ்சு காட்டிடுதேன்"ன்னேன். எல்லாரையும் என் பழைய லேப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். குலசேகரன் கடைசியா வந்தான். தமயந்தி சுவரோரமா நின்னா.

அவங்க காயவச்ச அதே விளக்கெண்ணெய், அதே துகள். ஒரு சொட்டுத் தண்ணி விட்டு நல்லாக் குலுக்கினேன். ஊசியில ஏத்தி, சங்கிலி கலந்த சிலிக்கான் எண்ணெய்க்குள்ள ஒரு துளியைத் தொங்க விட்டேன். கேமரா வழியா திரையில எலுமிச்சம்பழம் அளவுக்குத் தெரிஞ்சுச்சு. டீ குடிக்கிற நேரம் காத்திருந்துட்டு, துளியை மெதுவா உள்ள இழுத்தேன். வெறும் எண்ணெய்னா வழவழன்னு சின்னதாயிடும். இது காஞ்ச திராட்சை மாதிரி சுருக்கம் சுருக்கமா நின்னுச்சு. தோல் கட்டிடுச்சு! வெளியூர்ப் பேராசிரியர் எழுந்து வந்து திரையைத் தொட்டுப் பாத்தார்.

"அந்தப் பொண்ணு எழுதினது உண்மை. புது லேப்ல காயவச்சுக் காயவச்சுக் கெடுத்துட்டாங்க"ன்னேன்.

குலசேகரன் பல்லைக் காட்டினான். "நான் எப்பவும் சொல்வேன், எங்க டீம்ல..."

டைரக்டர் அவனைத் திரும்பிப் பாத்தார். "உங்களுக்குப் பங்கு இல்லைன்னு முந்தாநாள்தானே எழுதிக் குடுத்தீங்க குலசேகரன்?"

ஐயோ, அந்த மூஞ்சியை நான் சாகுத வரைக்கும் வச்சுப் பாத்துக்கிடுவேன். வாய் திறந்தபடியே இருந்துச்சு. கட்டையில போறவன், என் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சாக்கு வச்சுத் தின்னதை எல்லார் முன்னாலயும் கக்கினான்.

கிளம்பும்போது டைரக்டர் கேட்டார், "இதை எப்போ கண்டுபிடிச்சீங்க?"

"போன வாரம்தான் சார்."

தமயந்தி என் கையையே பாத்துக்கிட்டு நின்னா.

நவம்பர் 25, செவ்வாய்

உத்தரவு வந்துடுச்சு. தமயந்தி மேல குற்றம் இல்லை. குலசேகரன் எழுதிக் குடுத்தபடியே பேப்பர்ல இருந்து அவன் பேரை எடுக்கணும். தலைவர் பதவியும் போச்சு. திருத்தின ஆசிரியர் வரிசையை முதல் ஆசிரியர்ங்கற முறையில தமயந்தியே ஜர்னலுக்கு அனுப்பணும். கம்பெனிக்காரங்களும் மறுபடி வாராங்களாம்.

கேசரி கிண்டினேன். முந்திரி தாராளமாப் போட்டேன். எல்லாருக்கும் கேசரி. அவன் மேசைக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினேன், தொடாம வச்சிருந்தானாம். வச்சிருக்கட்டும், எறும்பாவது தின்னட்டும்.

தமயந்தி இன்னைக்கு வரலை. களைச்சுப் போயிருப்பா, பாவம். நாளைக்கு அவளை உக்காத்தி வச்சு எல்லாத்தையும் சொல்லணும். சொன்னாப் புரிஞ்சுக்கிடுவா.

நவம்பர் 28, வெள்ளி

வந்தா. உக்காரச் சொன்னேன், உக்காரலை.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்குக் கமிட்டி முன்னாடி நீங்க தண்ணியை அளக்கவே இல்லை. சொட்டு விட்டீங்க, குலுக்கினீங்க, போதும்னு தெரிஞ்சு நிறுத்தினீங்க. எத்தனை நேரம் காத்திருக்கணும்னுகூடக் கடிகாரம் பாக்கலை. அது போன வாரம் கண்டுபிடிச்ச கை இல்லை. அந்தக் கையை எனக்குத் தெரியும் மேடம், அதைப் பாத்துத்தான் நான் வேலை கத்துக்கிட்டேன்."

மேசை மேல கிடந்த பிப்பெட்டை எடுத்து அதோட இடத்துல வச்சேன்.

"ஜூலையில நான் கேட்டேன், ஈரம் காரணமா இருக்குமான்னு. அப்பவே தெரியுமா?"

பொய் சொல்லிருக்கலாம். என்னமோ வாய் வரலை.

"தெரியும்."

தலையை ஆட்டிக்கிட்டா. அழலை. அழுதிருந்தா என்னமாவது சொல்லிருப்பேன். "அவனுக்காகத்தான் தமயந்தி. உனக்கு நான் சொல்லித் தந்திருப்பேன், எல்லாம் முடிஞ்சதும்..."

"அவங்க என்னைத் திருடின்னு சொன்னப்போ உங்க ரூம்லதான் மேடம் வந்து நின்னேன்."

பையில இருந்து ஒரு தாளை எடுத்து மேசையில வச்சா. திருத்தின வரிசை. தமயந்தி, கணக்குப் போட்டவன், படம் எடுத்தவன். அவ்வளவுதான்.

மண்டைக்கு ரத்தம் ஏறிடுச்சு. "இது என் வேலைட்டி! ரெண்டு வருஷம்!"

"ஆமா மேடம். உங்க வேலைதான்." குரல் ஏறவே இல்லை. "ஆட்சேபணை இருந்தா கமிட்டிக்கு எழுதுங்க. அவங்க என்னையும் கூப்பிட்டுக் கேப்பாங்க. நானும் வந்து எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்."

கதவைச் சத்தமில்லாமச் சாத்திட்டுப் போனா.

நவம்பர் 30, ஞாயிறு

நாள் பூரா திட்டினேன். பாத்திரம் கழுவும்போது, துணி காயப்போடும்போது. நன்றி கெட்டவ, நான் இல்லைன்னா இந்நேரம் அரூருக்குப் பெட்டி கட்டிருப்பா. இவர் கேட்டுக்கிட்டே பேப்பர் படிச்சார். கடைசியில, "நீ இல்லைன்னா அவ ஜூலையிலயே கண்டுபிடிச்சிருப்பாட்டி"ன்னார். கரண்டியைத் தூக்கி எறிஞ்சேன். படலை.

டிசம்பர் 2, செவ்வாய்

ஆட்சேபணைக் கடிதம் எழுத உக்காந்தேன். மதிப்பிற்குரிய டைரக்டர் அவர்களுக்கு. இந்த ஆய்வு முழுவதும் என்னுடையது. விளக்கெண்ணெயில் ஈரம் வேண்டும் என்பதைக் கண்டுபிடித்ததும் நானே. அடுத்த வரியில தேதி போடணும். எந்தத் தேதி? டைரக்டர்கிட்டச் சொன்னபடி நவம்பர்னா, ஜூன்ல வந்த பேப்பர்ல முதல் பேர் கேக்க அது போதாது. ஏப்ரல்னா ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும் அந்தப் பிள்ளை எண்ணெயைக் காயவச்சுக்கிட்டு இருந்ததை நான் பாத்துக்கிட்டு இருந்தேன்னு ஆகும். அவ வந்து நின்னு, காது சிவக்காம, அத்தனையும் சொல்லுவா.

எங்க பிடிக்கணுமோ அங்க பிடிச்சிருக்கா. நான் குலசேகரனைப் பிடிச்சதை விடக் கெட்டியா. சத்தமும் போடலை.

கடிதத்தைக் கிழிச்சுக் குப்பையில போட்டேன். அழுகையும் வருது, ஆத்திரம் ஆத்திரமா வருது. ஆனா ஒண்ணு சொல்லணும். கெட்டிக்காரி. என்ன இருந்தாலும் எங்கிட்டப் படிச்சவ.